தாமதமும் சுருதியும்: சுருதி மாற்றி உள்ளமைந்த கிட்டார் டிலே பெடலின் இயங்குமுறை – ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

மின்கிட்டாரின் ஒலியைச் சிறிது நேரம் நிறுத்திவைத்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவி டிலே பெடல் ஆகும். இதனுள் சுருதி மாற்றியும் சேர்ந்து அமைவது இன்று வழக்கமாகிவிட்டது. இவ்விரண்டும் வெவ்வேறு செயல்கள் என்றும், இடத்தையும் செலவையும் குறைப்பதற்காக ஒரே பெட்டிக்குள் வைக்கப்பட்டவை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. சுருதி மாற்றம் என்பது இடைவிடாது மாறிக்கொண்டிருக்கும் தாமதமே என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. அவ்வடிப்படையிலிருந்து, சுருதி மாற்றியில் கேட்கும் கரகரப்பு ஏன் எழுகிறது, சுருதி மாற்றி தாமதத்தின் உள்ளே அமைவதால் விளையும் நன்மை யாது, பின்னூட்டச் சுற்றில் அதன் இடம் மாறும்போது இசை எவ்வாறு மாறுகிறது ஆகிய வினாக்களுக்கு விடை காண முற்படுகிறது.

குறிச்சொற்கள்: தாமதம், சுருதி மாற்றம், பின்னூட்டம், டாப்ளர் விளைவு, மின்கிட்டார், ஒலித் தொழில்நுட்பம்.

1. முன்னுரை

ஜப்பானிய நிறுவனமான பாஸ், 1983ஆம் ஆண்டில் டிடி-2 என்னும் சிறு பெடலை வெளியிட்டது. காலால் அழுத்தி இயக்கும் அளவிலான இலக்கமுறை டிலே கருவிகளுள் இதுவே முன்னோடி. நான்கு ஆண்டுகள் கழித்து, 1987இல், அதே நிறுவனம் பிஎஸ்-2 என்னும் பெடலைக் கொண்டுவந்தது. சுருதி மாற்றி, தாமதக் கருவி ஆகிய இரு பெயர்களும் அதன் முகப்பிலேயே இடம்பெற்றிருந்தன. ஒலியை நிறுத்திவைக்கும் கருவியும் ஒலியின் உயரத்தை மாற்றும் கருவியும் ஒரே பெட்டியில் எவ்வாறு அமைந்தன என்னும் வினா இங்கு எழுகிறது.

இரண்டு கருவிகளை ஒட்டிவைத்தனர் என்பது எளிய விடை. அவ்விடை போதாது. தாமதத்தை உண்டாக்கும் நினைவகமே சுருதி மாற்றத்தையும் உண்டாக்குகிறது; படிக்கும் முறை மட்டுமே வேறுபடுகிறது. இதனை உணராதவர், சுருதி மாற்றியின் குறைகளைக் கருவியின் தரக்குறைவாகவே கொள்வர். உணர்ந்தவர், அக்குறைகள் காலத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் இடையிலான அடிப்படை உறவிலிருந்து பிறப்பவை எனக் காண்பர். இவ்வேறுபாடு கருவியைப் பயன்படுத்துவோர்க்கும் ஒலியியலைக் கற்பிப்போர்க்கும் ஒருங்கே தேவைப்படுவது.

2. கலைச்சொற்கள் குறித்து

பொருளை விளக்கப் புகுமுன் மூன்று சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம்.

முதலாவது, எதிரொலி. டிலே என்பதற்கு எதிரொலி என்னும் சொல்லை ஆளும் வழக்கம் உண்டு. ஆனால் எதிரொலி தனியே கேட்க வேண்டுமாயின், மூல ஒலிக்கும் திரும்பி வரும் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 0.1 நொடி இடைவெளி வேண்டும் எனப் பள்ளி இயற்பியல் நூல்களே கூறுகின்றன. டிலே பெடல் 0.02 நொடி அளவிலான தாமதத்தையும் தரும். அப்போது எதிரொலி கேட்பதில்லை, ஒலி தடித்துத் தோன்றுகிறது. எனவே செயலைக் குறிக்கத் 'தாமதம்' என்னும் சொல்லும், செவியில் விளையும் பயன்களுள் ஒன்றைக் குறிக்க 'எதிரொலி' என்னும் சொல்லும் இங்கு ஆளப்படுகின்றன.

இரண்டாவது, சுருதி. இசைமேடையில் இச்சொல் பாடகர் தமக்கெனக் கொள்ளும் ஆதார சுருதியைக் குறிக்கும். இயற்பியல் பாடநூல்களில் ஒலி உயர்ந்ததா தாழ்ந்ததா எனச் செவி உணரும் பண்பைக் குறிக்கும். இக்கட்டுரையில் பின்னைய பொருளே கொள்ளப்படுகிறது.

மூன்றாவது, பின்னூட்டம். வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளீட்டுக்கே செலுத்துதல் என்பது இதன் பொருள். டிலே பெடலில் ஓர் ஒலி ஒருமுறைக்கு மேல் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே காரணம்.

3. தாமதம் உருவாகும் மூன்று வழிகள்

3.1 ஒலிநாடா: நாடாவின் ஓரிடத்தில் ஒலியைப் பதிந்து, சற்றுத் தள்ளியிருக்கும் மற்றொரு காந்தத் தலையால் அதனைப் படிப்பது பழைய முறை. இரு தலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவை நாடா கடக்கும் நேரமே தாமதம். 1960களில் பரவிய எக்கோபிளெக்ஸ் கருவியில் தலையை நகர்த்தித் தாமதத்தை மாற்றினர். 1974இல் வந்த ரோலண்ட் நிறுவனத்தின் ஸ்பேஸ் எக்கோவில் நாடாவின் வேகத்தை மாற்றினர்.

3.2 மின்னேற்றத் தொடர்: 1969ஆம் ஆண்டு, பிலிப்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த சாங்ஸ்டர், டீர் ஆகியோர் வேறொரு வழியை முன்வைத்தனர். தீயை அணைக்க வரிசையாக நிற்போர் வாளியைக் கைமாற்றுவதுபோல, மின்தேக்கிகளின் தொடரில் மின்னேற்றம் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தப்படுகிறது. எத்தனை விரைவில் கைமாற்ற வேண்டும் என்பதைக் கடிகாரத் துடிப்பு முடிவு செய்யும். 4096 நிலைகள் கொண்ட ஒரு சில்லு, நொடிக்கு 10,000 துடிப்புகளில் ஏறத்தாழ 205 மில்லிநொடி தாமதத்தைத் தரும்; துடிப்பை இருமடங்காக்கினால் தாமதம் பாதியாகும்.

3.3 இலக்கமுறை நினைவகம்: ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அவ்வளவுகளை எண்களாக நினைவகத்தில் எழுதுவது மூன்றாம் முறை. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கப்படின், 24,000 இடங்கள் தள்ளிப் படிக்கும்போது தாமதம் அரை நொடியாகும். நினைவகம் வட்டமாக அமைவதாகக் கருதலாம். எழுதுமுனை அவ்வட்டத்தில் சுற்றிக்கொண்டே செல்லும். படிமுனை குறிப்பிட்ட தொலைவில் அதனைப் பின்தொடரும். இருமுனைகளும் ஒரே வேகத்தில் சென்றால் தொலைவு மாறாது, தாமதமும் மாறாது.

4. தாமதம் மாறினால் சுருதி மாறும்

எக்கோபிளெக்ஸ் கருவியை இயக்கியவர்கள் ஓர் உண்மையைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். ஒலி திரும்பக் கேட்கும் நேரத்தில் தலையை நகர்த்தினால், நகரும் கணம் வரை சுருதி ஏறும் அல்லது இறங்கும். கையை நிறுத்தியதும் சுருதி பழைய நிலைக்குத் திரும்பும். தாமதத்தின் அளவு சுருதியைப் பாதிப்பதில்லை என்பதும், அது மாறும் வேகமே பாதிக்கிறது என்பதும் இதனால் பெறப்படுகின்றன.

இதே நிகழ்வு இயற்கையிலும் உண்டு. கிறிஸ்தியான் டாப்ளர் 1842இல் முன்வைத்த கோட்பாட்டை, 1845இல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் சோதித்தார். ஓடும் தொடர்வண்டியில் ஊதுகருவிக் கலைஞர்களை அமர்த்தி, பாதையோரம் நின்றோரைக் கொண்டு சுருதியின் மாற்றத்தைக் கணிக்கச் செய்தார். வண்டி நெருங்கி வருகையில் ஒலி செவியை அடையும் நேரம் கணந்தோறும் குறைகிறது. அதாவது தாமதம் சுருங்குகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கும் வண்டியின் ஊதல் ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் உயர்ந்து கேட்கும். வண்டி நம்மைக் கடந்து விலகும்போது தாமதம் வளர்கிறது, ஊதல் தாழ்கிறது.

இலக்கமுறை நினைவகத்தில் இதனைச் செய்து காட்டுவது எளிது. படிமுனையை எழுதுமுனையைவிட விரைவாக ஓடச் செய்தால், பதிந்த அலை நெருக்கமாகப் படிக்கப்படும், சுருதி உயரும். இருமடங்கு வேகத்தில் ஒரு ஸ்தாயி உயரும், 1.498 மடங்கில் சட்சமத்திலிருந்து பஞ்சமம் வரையுள்ள இடைவெளி உயரும், 1.0595 மடங்கில் ஓர் அரைச்சுரம் உயரும். பாதி வேகத்தில் ஒரு ஸ்தாயி தாழும். ஆகவே சுருதி மாற்றத்துக்கெனத் தனி நினைவகம் வேண்டியதில்லை. தாமதம் தந்த அதே நினைவகத்தில் படிமுனையின் வேகம் மாறினால் போதும்.

5. தாவலும் ஒட்டும்

வண்டி நம்மை நோக்கி என்றென்றும் வந்துகொண்டிருக்க முடியாது. படிமுனைக்கும் அதே கட்டுப்பாடு உண்டு. விரைந்து ஓடும் படிமுனை எழுதுமுனையை எட்டிப் பிடித்துவிடும். இனி எழுதப்படவிருக்கும் ஒலியை அதனால் படிக்க இயலாது. எனவே அது பின்னோக்கித் தாவி மீண்டும் ஓடத் தொடங்க வேண்டும். சுருதி தாழ்த்தும்போது இதற்கு மறுதலையாக, பின்தங்கிக்கொண்டே போகும் படிமுனை முன்னோக்கித் தாவ வேண்டும்.

எத்தனை முறை தாவ வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். இருமுனைகளுக்கும் இடையே 50 மில்லிநொடி இடைவெளி அனுமதிக்கப்படுவதாகக் கொள்வோம். ஒரு ஸ்தாயி உயர்த்தும்போது அவ்வெளி 50 மில்லிநொடியிலேயே தீர்ந்துவிடும். நொடிக்கு 20 தாவல்கள் நேரும். பஞ்சம அளவு உயர்த்தும்போது ஏறத்தாழ 10 தாவல்கள். ஒரு ஸ்தாயி தாழ்த்தும்போதும் 10 தாவல்களே. அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் உயர்த்தினால் 8 நொடிக்கு மேல் ஒரு தாவலே நேரும். சிறு மாற்றங்கள் இயல்பாகவும் பெரு மாற்றங்கள் செயற்கையாகவும் கேட்பதற்கு இக்கணக்கே முதற்காரணம்.

ஒவ்வொரு தாவலிலும் அலை அறுபடுகிறது. அறுபட்ட இடம் சொடுக்கொலியாகக் கேட்கிறது. இதனைத் தவிர்க்க இரண்டு படிமுனைகளை அமைத்து, ஒன்றன் ஒலி தேயத் தேய மற்றதன் ஒலி வளருமாறு செய்வர். சொடுக்கு மறையும்; ஆனால் இரு ஒலிகளும் கலக்கும் வேளையில் ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சந்தித்தால் ஒலி மெலியும். இம்மெலிவு தாவலின் வேகத்திலேயே திரும்பத் திரும்ப நேர்வதால் ஒருவகை நடுக்கம் தோன்றுகிறது. கிட்டார் கலைஞர்கள் கரகரப்பு எனக் குறிப்பிடுவது பெரும்பாலும் இதுவே.

இந்தச் சிக்கல் பெடல்களுக்கு முற்பட்டது. டென்னிஸ் காபோர் 1946இல் வெளியிட்ட தகவல்தொடர்புக் கோட்பாடு குறித்த ஆய்வில், ஒலியைச் சிறு காலத் துண்டுகளாகப் பகுத்துக் கையாளும் கருத்தை முன்வைத்தார். காலத்தை எவ்வளவு நுண்மையாக அளக்கிறோமோ அவ்வளவுக்கு அதிர்வெண் துல்லியம் குறையும் என்பதையும் அவர் காட்டினார். 1950களில் ஜெர்மனியில் ஆன்டன் ஸ்பிரிங்கரும், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபேர்பேங்க்ஸ் குழுவினரும், சுழலும் காந்தத் தலைகளைக் கொண்டு நாடாவிலிருந்து துண்டு துண்டாக ஒலியைப் படிக்கும் கருவிகளை உருவாக்கினர். அவற்றின் சுழலும் தலை செய்த பணியையே பின்னாளில் தாவும் படிமுனை செய்தது.

இவ்வழியில் வணிக அளவில் நிலைபெற்ற முதல் இலக்கமுறைக் கருவி, ஈவென்டைட் நிறுவனத்துக்காக டோனி அக்னெல்லோ வடிவமைத்த எச்910 ஹார்மனைசர் ஆகும். 1970களின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்த இக்கருவியில் சுருதி மாற்றம், 112.5 மில்லிநொடி வரையிலான தாமதம், பின்னூட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தன. இன்றைய பெடல்களின் முழு அமைப்பும் அங்கேயே வித்திடப்பட்டுவிட்டது. அந்நிறுவனம் தரும் வரலாற்றின்படி, தொடக்ககால வாடிக்கையாளருள் ஒன்று நியூயார்க்கின் ஒரு தொலைக்காட்சி நிலையம். விளம்பரங்களுக்கு இடம் தேடிப் பழைய நகைச்சுவைத் தொடர்களை விரைவாக ஓட்டியபோது உயர்ந்துவிட்ட குரல்களைத் தாழ்த்தி இயல்பாக்கவே அது இக்கருவியை வாங்கியது. காலத்தையும் சுருதியையும் தனித்தனியே கையாள முடியும் என்பதற்கு இது ஒரு நடைமுறைச் சான்று. தாவும் இடத்தை ஆய்ந்து, அலை வடிவம் ஒத்திருக்கும் புள்ளியிலேயே ஒட்டும் நுட்பம் அடுத்து வந்த எச்949 கருவியில் இடம்பெற்றது.

6. காத்திருத்தலின் விலை

ஒத்த புள்ளியைத் தேடுவதற்குக் கருவி குறைந்தது ஓரிரு அலைகளையாவது கையில் வைத்திருக்க வேண்டும். கிட்டாரின் தடித்த தந்தி வழக்கமான சுருதியில் நொடிக்கு 82.4 முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ 12 மில்லிநொடி ஆகும். இரண்டு அதிர்வுகளை ஒப்பிட 24 மில்லிநொடி தேவை. அந்நேரத்தில் ஒலி காற்றில் 8 மீட்டர் கடந்துவிடும். தந்தியை மீட்டிய விரலுக்கும் கேட்கும் ஒலிக்கும் இடையில் இவ்வளவு பிந்தல் நேர்ந்தால், கலைஞர் தம் ஒலிபெருக்கியிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்கு அது ஒப்பாகும். விரைவான வாசிப்பில் இது இடையூறு ஆகும். தேடும் நேரத்தைக் குறைத்தால் பிந்தல் குறையும். ஆனால் தாழ்ந்த சுரங்களில் ஒட்டு பிசகும். தனித்து நிற்கும் சுருதி மாற்றி எதுவும் இவ்விரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

சுருதி மாற்றி டிலே பெடலின் உள்ளே அமைவதன் சிறப்பு இங்குதான் வெளிப்படுகிறது. 400 மில்லிநொடி கழித்து ஒலிக்க வேண்டிய ஒலியை 376 மில்லிநொடி மட்டும் நினைவகத்தில் நிறுத்திவைத்து, எஞ்சிய 24 மில்லிநொடியைத் தேடலுக்கு ஒதுக்கலாம். கேட்போருக்கு அதே 400 மில்லிநொடியே புலப்படும். நேரடி ஒலி மாற்றமின்றி உடனே வெளிவருவதால் விரலுக்கும் செவிக்கும் இடையில் பிந்தல் இல்லை. தனிக்கருவியில் குறையாக இருந்த காத்திருத்தல், இங்கு கலைஞர் தாமே விரும்பி அமைத்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. இவ்விணைப்பை வெறும் வசதியாகக் கொள்வது பொருந்தாது என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளில் மட்டும் இத்தீர்வு முழுமை பெறுவதில்லை. பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும்போது எல்லாவற்றுக்கும் பொதுவான குறுகிய அலைநேரம் கிடைப்பதில்லை. ஒன்றுக்குப் பொருந்தும் ஒட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

7. சுற்றின் உள்ளும் புறமும்

சுருதி மாற்றியைப் பின்னூட்டச் சுற்றின் வெளியே வைத்தால், திரும்ப வரும் ஒலிகள் அனைத்தும் ஒரே அளவு உயர்ந்திருக்கும். சுற்றின் உள்ளே வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி மேலும் ஒரு படி ஏறும். 110 அதிர்வெண் கொண்ட ஒரு சுரத்தை ஸ்தாயி அளவு உயர்த்தும்படி அமைத்தால், அது 220, 440, 880, 1760 எனப் படிக்கட்டாக ஏறி, ஆறாம் சுற்றில் 7040ஐ எட்டும். பின்னூட்டம் ஒவ்வொரு சுற்றிலும் ஒலியைத் தணிப்பதால் அதற்குள் அது பெரும்பாலும் மங்கிவிடும். ஸ்தாயி அளவு தாழ்த்தினால் மூன்றாம் சுற்றிலேயே 13.75ஐ அடைந்து, மனிதச் செவியின் எல்லையாகிய 20க்குக் கீழே சென்றுவிடும். மேற்சுரங்கள் மட்டுமே எஞ்சிக் கேட்கும். ஏறுபடி நீள்வதும் இறங்குபடி விரைவில் முடிவதும் இதனாலேயே.

இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சி, இ, ஜி ஆகிய சுரங்கள் கொண்ட சி மேஜர் கார்டை நான்கு அரைச்சுரம் உயர்த்தினால் இ, ஜி ஷார்ப், பி கிடைக்கும். மூலத்தின் ஜியும் மாற்றத்தின் ஜி ஷார்ப்பும் ஒருசேர ஒலித்து மோதும். ஏழு அரைச்சுரம் உயர்த்தினால் ஜி, பி, டி கிடைக்கும், மோதல் இல்லை. கருவி எல்லாச் சுரங்களையும் ஒரே விகிதத்தால் பெருக்குகிறது. பாட்டின் சுரவரிசையை அது அறியாது. பஞ்சம, ஸ்தாயி இடைவெளிகள் அதிகம் பயன்படுவதற்கு இது ஒரு காரணம்.

ஒலிப்பதிவு வரலாற்றில் இரு சான்றுகள் குறிப்பிடத்தக்கவை. டேவிட் போவியின் 1977ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'லோ'வில், தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி முழவின் ஒலியை எச்910 வழியாகச் செலுத்தினார். ஒவ்வோர் அடியின் வாலும் சுருதி இறங்கிச் சரிவதுபோல் கேட்டது. 1980களில் பிரையன் ஈனோ, டேனியல் லனுவா ஆகியோரின் பணியோடு இணைத்துப் பேசப்படும் 'ஷிம்மர்' என்னும் ஒலிநிறம், எதிர்முழக்கத்தின் சுற்றுக்குள் ஸ்தாயி உயர்த்தும் சுருதி மாற்றியை வைப்பதால் உருவாவது. ஒவ்வொரு சுற்றிலும் ஒட்டின் பிசகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, தனித்தனியே கேட்காமல் மெல்லிய படலமாக மாறுகின்றன. பொறியியலார் அகற்ற முனைந்த பிசகே இங்கு இசைக்கு உடலாகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வருவன பெறப்படுகின்றன. நிலையான தாமதம் சுருதியை மாற்றாது. மாறும் தாமதம் சுருதியை மாற்றும். மாற்றம் தொடர வேண்டுமாயின் தாவல் தவிர்க்க இயலாதது. தாவலைச் சீராக்கக் காலம் செலவாகும். அக்காலத்தைத் தாமதக் கருவி தன்னகத்தே வைத்திருப்பதால், சுருதி மாற்றிக்கு அது இயல்பான இருப்பிடம் ஆகிறது. பின்னூட்டச் சுற்றின் உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்னும் ஒரு முடிவு, இணைகுரலையும் படிக்கட்டையும் வேறுபடுத்துகிறது.

கற்பித்தல் நோக்கிலும் இக்கருவி கருதத்தக்கது. டாப்ளர் விளைவு, மாதிரி எடுத்தல், காலத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவு ஆகியன தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன. கையடக்கமான ஒரு பெடலில் இவை மூன்றையும் ஒரே அமர்வில் செவியால் உணர்த்தலாம். அவ்வாறு உணர்த்தும்போது தாமதம், எதிரொலி, எதிர்முழக்கம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளாமல், ஒவ்வொன்றையும் அதனதன் பொருளில் நிறுத்துவது இன்றியமையாதது. 'எதிரொலிக் கருவி' என்று பெயரிட்ட கணமே, அதனுள் சுருதி மாறுவதற்கான காரணம் மாணவரின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. 'தாமதக் கருவி' என்னும் பெயர் அக்காரணத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது.